யோசேப்பின் தோளில் நிழல்

வங்காலையில் சீடிக்கு முகம் சுடுகிற கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நடத்தியவன் டிலோஜன். கலியாணமோ, முதல்நன்மையோ, செத்த வீடோ, வீடியோ எடுத்து டிவிடியில் அடித்து, அந்த டிவிடியின் முதுகிலேயே ஆளின் படத்தையும் சுட்டுக் கொடுப்பான். மற்ற ஊர்களில் படத்தைக் கடதாசியில் அச்சடித்து டிஸ்க்கின் மேல் ஒட்டுவார்கள். மன்னார் வெக்கைக்கு அது கொஞ்ச நாளில் ஓரம் கிளம்பி, மாப்பிள்ளையின் காது சுருண்டு, டெக்குக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். டிலோஜன் சுட்ட படம் உரியாது.

"மையுமில்ல, கடதாசியுமில்ல. தனி வெளிச்சம்" என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவான். அப்படிச் சுடுகிற டிரைவைத் தானே கண்டுபிடித்தவன் மாதிரித்தான் பேச்சு இருக்கும். கொழும்பில் ஒரு கந்தோரில் கழித்துவிட்ட கொம்பியூட்டரோடு சேர்ந்து வந்த சாமான் அது என்பது அவன் பெண்சாதி நிறஞ்சலாவுக்கு மட்டும் தெரியும். அவள் அதை வெளியில் சொன்னதில்லை. சொல்லக்கூடாத வேறு பல கதைகளை அவள் தாராளமாகச் சொல்லுவாள், அது வேறு விசயம்.

வேலை இப்படித்தான். முதலில் டிஸ்க்கை வழமை போலப் போட்டு வீடியோவை அடிக்க வேண்டும். பிறகு எடுத்துக் கவிழ்த்துப் போட வேண்டும். வீடியோ எழுதிய அதே லேசர் இப்போது முதுகில் பூசியிருக்கும் பொன்னிறத் தோலைக் கருக்கிக் கருக்கி ஒரு முகத்தைக் கொண்டுவரும். ஒரு முகத்துக்கு அரை மணித்தியாலம் போய்விடும். முதல் சுற்றில் படம் பால் கூடின தேத்தண்ணி மாதிரி வெளிறித்தான் இருக்கும். இன்னொரு சுற்றுச் சுட்டால்தான் கறுப்பு ஏறும். எத்தனை தரம் சுட்டாலும் படம் அரக்காது, கண்ணுக்கு மேல் கண்ணும் மூக்குக்கு மேல் மூக்கும் அப்படியே வந்து இருக்கும். நடு ஓட்டை ஆளின் முகத்தில் விழாமல் படத்தை வைப்பதில் டிலோஜன் கெட்டிக்காரன்தான், அதை மறுக்க முடியாது.

கடற்றொழில் செய்த யோசேப்பின் மகள் ஜெயனிக்குக் கலியாணம் பேசி முடித்தபோது, தாய் மதலேனாவின் தங்கை சுவிஸிலிருந்து இந்த டிஸ்க்குகளில் ஒரு பெரிய டப்பா அனுப்பியிருந்தாள். கொழும்புக் கடைகளுக்கு அவை வருவது நின்றுபோயிருந்த நேரம் அது. மாப்பிள்ளை றொசாந்தன் பிரான்ஸ்காரன். தாலி கட்டிய கையோடு திரும்பிப் பறக்க வேண்டியவன். வீடியோ வெட்டி ஒட்டவே நாள் காணாது, இதற்குள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு முகம் சுட்டுக்கொண்டிருக்க ஏலாது என்று டிலோஜன் முன்கூட்டியே ஒரு வேலை செய்தான். வீடியோ அடிக்காத வெறும் டிஸ்க்குகளுக்கு முகத்தை முதலே சுட்டு வைத்தான். யோசேப்பு வீட்டு முற்றத்தில் எடுத்த படம். ஓட்டைக்கு ஒரு பக்கம் ஜெயனி, மற்றப் பக்கம் றொசாந்தன். முதல் சுற்று மட்டும் சுட்டு, இரண்டாவதைக் கலியாணத்துக்குப் பிறகு வீடியோவோடு சேர்த்துச் சுடலாம் என்று டப்பாவுக்குள் அடுக்கினான்.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவித்தல் வாசிப்பார்கள். இரண்டாம் ஞாயிறு வாசித்து முடிந்த பிறகு, பங்குச் சுவாமிக்குப் பிரான்ஸிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். றொசாந்தன் தன்னை ஏற்கெனவே கோயிலில் பதிந்து கட்டியவன் என்றாள். மூன்றாம் ஞாயிறு சுவாமி மற்றச் சோடிகளின் பெயரை வாசித்துவிட்டு, ஜெயனியின் பெயரை வாசிக்காமல் கடதாசியை மடித்தார். அந்த மடிப்பிலேயே ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிழை விட்டவன் விமானம் ஏறிப் போய்விட்டான். ஊர் யாரைப் பார்ப்பது? கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவள் ஜெயனி. அவளைப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஜெயனி ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. கிழமை நாளில், ஆளில்லாத பூசைக்கு வந்து, கடைசி வாங்கில் இருந்துவிட்டு, சுவாமி பீடத்தை விட்டு இறங்க முதலே எழும்பிப் போய்விடுவாள். டப்பா டிலோஜனின் அலுமாரிக்கு மேல் போய்விட்டது. மதலேனா அதைக் கேட்கவில்லை. அந்த முகங்களை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இவனுக்கும் துணிவு வரவில்லை.

அடுத்த வருசம் சோளகக் காற்று எழும்ப முன், யோசேப்பு கரையில் வள்ளத்தைத் தள்ளிவிட்டு மணலில் இருந்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள் ஆசுபத்திரியில். ஊரில் வேறு மாதிரிச் சொன்னார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் நிறஞ்சலா தன் வீட்டிலிருந்து பெரிய கேத்தலில் தேத்தண்ணி கொண்டுபோய் ஊற்றிக்கொண்டு நின்றாள். கோப்பையை நீட்டிய ஒருத்தி "என்னெண்டு இப்பிடி திடீரெண்டு?" என்று கேட்டாள். நிறஞ்சலா குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்துகிற குரல் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"என்ன திடீர்? பிள்ளையின்ட கலியாணம் குழம்பினதுதான் மனுசனைத் திண்டது. உள்ளுக்குள்ள வைச்சே செத்துப்போனார்."

எல்லாரும் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். அடுத்த கோப்பைக்குச் சீனி போட்டாள்.

அடக்கம் முழுவதையும் டிலோஜன் வீடியோ எடுத்தான். எங்கள் கரையில் செத்த வீட்டு வீடியோ இல்லாமல் ஒரு ஆளை அடக்கம் செய்ய முடியாது. வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்கள் பெட்டியை மூடுகிற நேரத்தைப் பார்த்து அழுதால்தான் அவர்களுக்கும் செத்த வீடு முடிந்ததாகும். முப்பத்தோராம் நாளுக்குச் சுவிஸ் தங்கையே வருவதாக இருந்தது. மதலேனா டிலோஜனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தம்பி, இவற்ற முகத்தைச் சுட்டுத் தா. வாற சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒண்டு குடுக்க வேணும். ஒட்டுறது வேண்டாம் ராசா, உரிஞ்சுபோம்."

"அதுக்கென்ன அன்ரி, நல்லாச் செய்து தாறன்" என்று சொல்லிவிட்டு வந்தான். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது, "அந்த டிஸ்க் இப்ப ஒரு இடத்திலயும் இல்ல அண்ணை" என்றார்கள். டிலோஜன் கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த டப்பாவை இறக்கினான். பெண்சாதியிடம் வாய் திறக்கவில்லை.

யோசேப்பின் படம் நல்ல படம். மகளின் கலியாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சேட்டுடன், சோடியைப் படம் எடுத்த அன்றைக்கே டிலோஜன் எடுத்தது. முகத்தை ஓட்டைக்கு மேல் வைத்து, ஓட்டை நெஞ்சில் விழும்படி அளவு பார்த்தான். இரண்டு சுற்று, நல்ல கறுப்பாகச் சுட்டான். டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தான். யோசேப்பு தவிர வேறு ஒருவரும் தெரியவில்லை. பிறகு நிறஞ்சலாவைக் கூப்பிட்டு உறைக்குள் போடச் சொன்னான். அவளும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டாள்.

"உயிரோட இருக்கிற மாதிரிக் கிடக்கப்பா" என்றாள். அவனும் சிரித்துக்கொண்டான்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஜெயனி முன் வாங்கில் தாயோடு வந்து இருந்தாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. மதலேனா மகளைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள் என்பது நிறஞ்சலாவுக்குத் தெரியும். "அப்பான்ட நாளிலயும் நீ ஒளிச்சிருந்தா, ஊர் சொல்லுறது சரியெண்டு ஆகிப்போம்" என்று தாய் அழுததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள் அவள். வீட்டில் பந்தலுக்குக் கீழே வருகிறவர்களுக்குத் தட்டத்தில் டிஸ்க் வைத்துக் கொடுப்பதும் ஜெயனிதான் என்று தாய் சொல்லியிருந்தாள். இன்று ஆட்களின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டால், ஜெயனி இனி இந்த ஊரில் நிற்கலாம். இன்று பின்வாங்கினால் அவ்வளவுதான். பிள்ளையில் நிறஞ்சலாவுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை.

பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். வெயில் நல்லாக ஏறியிருந்தது. பந்தலுக்குள் இடம் காணாமல் பாதிச் சனம் முற்றத்தில் நின்றது. நிறஞ்சலா சாப்பாட்டுப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்தபோது, வேலியோரம் நின்ற இரண்டு பெண்கள் டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்து, அப்படியும் இப்படியும் சரித்துச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் உறைக்குள் போட்டுவிட்டார்கள். அந்த அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, வாங்கில் கிடந்த ஒரு டிஸ்க்கை எடுத்து வெயிலில் பிடித்தாள்.

யோசேப்பு இருந்தார். கறுத்த முகம், நரைத்த மீசை, வெள்ளைச் சேட்டு. டிஸ்க்கைக் கொஞ்சம் சரித்தாள். சேட்டின் ஒரு தோளில் ஒரு பெண்ணின் முகம் எழும்பி வந்தது. தலையில் பூ. மற்றத் தோளில் ஒருவன் பல்லுத் தெரியச் சிரித்தான். நிமிர்த்தினால் போனார்கள், சரித்தால் வந்தார்கள். இந்த டிஸ்க்குகளைத் தன் கையால் துடைத்து உறைக்குள் போட்டவள் அவள்.

டிலோஜன், யோசேப்பு வீட்டுக்குப் பின்னால், எஞ்சின் வைக்கிற கொட்டிலடியில் நின்றான். நடு முற்றத்தில் நின்று பாராட்டு வாங்குகிறவன் அங்கே ஏன் நிற்கிறான் என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.

"இஞ்சாருங்கோ, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீங்கள்?"

"கத்தாத."

"அந்தப் பழைய டப்பாவையா எடுத்தனீங்கள்?"

"அது அவையின்ட டிஸ்க்தானே, நிறஞ்சி. அவையின்ட சாமானை அவைக்கே குடுத்திருக்கிறன். வேற ஆக்களின்ட டிஸ்க்கிலயா சுட்டனான்?" அவன் அதை உண்மையிலேயே நம்பித்தான் சொன்னான். பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு தரம் கறுப்பாச் சுட்டா கீழ கிடக்கிறது மறைஞ்சுபோம் எண்டு நினைச்சன். கடையில பாத்தனான், தெரியேல்ல."

"கறுத்த இடத்தில மறையும். வெள்ளைச் சேட்டில எங்கயப்பா மறையிறது?"

"வெயிலுக்குள்ள வைச்சு ஆர் டிஸ்க்கைப் பாக்கினம்?"

முற்றம் முழுக்க வெயிலுக்குள்தான் நின்றது. அவனும் எட்டிப் பார்த்தான். பிறகு கொட்டிலின் கப்பு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். "முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது" என்று முணுமுணுத்தான். ஊர் முழுக்க முகம் சுட்டவன் அப்படிச் சொன்னபோது நிறஞ்சலாவுக்குச் சிரிப்பு வரவில்லை, அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

அவள் முற்றத்துக்கு ஓடினாள். "அதில பாட்டு விடுபட்டுப்போச்சு, தாங்கோ, நாளைக்குத் திருப்பி அடிச்சுத் தாறம்" என்று கண்டவர்களிடம் எல்லாம் கை நீட்டினாள். சிலர் கொடுத்தார்கள். கொடுத்தபோது ஒருவரும் எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், "பாட்டோ?" என்று இழுத்துவிட்டு, டிஸ்க்கைக் கைப்பைக்குள் இன்னும் உள்ளே தள்ளினாள். ஊர் ஒரு மாதமாக வாயால் சொல்லித் திரிந்த கதை, மகளும் அந்தச் சிரிக்கிறவனும் ஏறி இருக்கிற யோசேப்பின் தோளாக இப்போது எல்லார் கையிலும் இருந்தது. அதை யார் திருப்பித் தருவார்கள்?

மிச்ச டிஸ்க்குகளையாவது மறிக்க வேண்டும் என்று வீட்டுக்குள் போனாள். முன் அறையில், யோசேப்பின் பெரிய படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்த மேசையடியில், மதலேனா கதிரையில் இருந்தாள். அவளுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்து கன நாள். யன்னல் வெளிச்சத்தில் டிஸ்க்கை மூக்கோடு அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெயனி தட்டத்தோடு நின்றாள்.

"அச்சொட்டா அவர்தான்" என்றாள் மதலேனா. "டிலோஜன் தம்பி நல்லா இருக்க வேணும். இதென்ன பிள்ளை, தோளில நிழல் மாதிரி என்னமோ கிடக்கு?"

நிறஞ்சலா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜெயனி குனிந்து பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"வலை, அம்மா" என்றாள். "அப்பா தோளில வலை போட்டுக்கொண்டு நிண்டவர்."

"ஓம், ஓம். வலைதான்." மதலேனா டிஸ்க்கை முத்தமிட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "எந்த நேரமும் வலைதானே அந்த மனுசனுக்கு."

ஜெயனி தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். விறாந்தையில் நிறஞ்சலா அதன் மறு ஓரத்தைப் பிடித்தாள்.

"ஜெயனி, இதைத் தாம்மா. குடுக்காத. பிழை நடந்து போச்சு. டிலோஜன் அண்ணா தெரியாமல்..."

"விடுங்கோ அக்கா. நான் காலமையே பாத்திட்டன். கிணத்தடியில வைச்சு."

"பாத்திட்டுமா குடுக்கிறாய்?"

"அம்மா கேட்டு ஆசையாச் செய்வித்தவ. இல்லையெண்டா ஏனெண்டு கேப்பா. என்னத்தைச் சொல்லுறது?" ஜெயனியின் கை தட்டத்தை விடவில்லை. குரலும் நடுங்கவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. "வெக்கமாத்தான் கிடக்கு. செத்துப்போகலாம் போல கிடக்கு. ஆனா அவன் செய்ததுக்கு நான் ஒரு வருசம் ஒளிச்சிருந்திட்டன். இண்டைக்கு ஒவ்வொருத்தருக்கும் குடுக்கேக்க அவையின்ட முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருத்தரும் என்ட முகத்தைப் பாக்கேல்ல, அக்கா. குனிஞ்சு வாங்கிக்கொண்டு போகினம்."

"எங்களை மன்னிச்சுக்கொள் பிள்ளை. அவர் வேணுமெண்டு செய்யேல்ல. அந்த மனுசனுக்கு மூளை இல்ல."

"அண்ணாவில எனக்குக் கோவம் இல்ல" என்றாள் ஜெயனி. "எல்லாரும் சொன்னதைத்தானே அவர் சுட்டிருக்கிறார். நீங்களும் சொன்னனீங்கள்தானே."

"நானோ?"

"தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டு சொன்னனீங்கள். என்ட கலியாணம்தான் அப்பாவைத் திண்டது எண்டு. நான் அப்பாவின்ட காலடியில இருந்தனான். கேட்டது."

நிறஞ்சலாவின் கை தட்டத்திலிருந்து தானாக விட்டுப்போனது. அப்படி இல்லை, பிள்ளை, ஊர் சொன்னதைத்தான் நானும் சொன்னனான் என்று சொல்ல வாய் எடுத்தாள். ஊர் என்று அவள் சொல்லப்போகிற சனம் முற்றத்தில் டிஸ்க்குகளை உறைக்குள் ஒளித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. கொட்டிலடியில் புருசனை உலுக்க நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது.

ஜெயனி தட்டத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கோ அக்கா. உங்களுக்கு இன்னும் குடுக்கேல்ல."

மற்றவர்கள் வாங்கின மாதிரியே நிறஞ்சலா இரண்டு கையாலும் வாங்கினாள். நினைவு நாளில் எல்லாரும் சொல்லுகிறதைச் சொன்னாள்.

"ஆண்டவர் அவருக்கு நித்திய இளைப்பாற்றியைக் குடுக்கட்டும்."

"ஆமென்" என்றாள் ஜெயனி. போகவில்லை. தட்டத்தைப் பிடித்தபடி, முன்னால், காத்துக்கொண்டு நின்றாள்.

நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று நிறஞ்சலாவுக்குத் தெரிந்தது. தான் ஒருத்தியாவது இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். உறையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். விறாந்தைச் சீமெந்தில் ஜெயனியின் வெறுங்காலைப் பார்த்தாள், வெள்ளைச் சீலையின் கரையைப் பார்த்தாள். அதற்கு மேல் கண் ஏறவில்லை.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அந்தக் கால்கள் திரும்பி, படியிறங்கி, வெயிலுக்குள் அடுத்த ஆளிடம் போயின.